வாக்குப்பெட்டி காணாமற்போன தேர்தல்

1981 ஜூன் 4ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான கதை நமது பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தேர்தலில் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பயிற்சி பெற்ற தேர்தல் அலுவலர்கள் பலரைக் கடைசி நேரத்தில் நீக்கிவிட்டு வேறு ஆட்களைப் போட்டார்கள். சில வாக்குப்பெட்டிகள் காணாமற்போயின. தேர்தல் கடமைக்குப் போன எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார், பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று. ஆளை மாற்றியதே அரசாங்கம் என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

இந்தத் துணிச்சல் ஒரே இரவில் வந்ததல்ல. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்தது. 17 வருடம் ஆண்டது. முதலில் கை வைத்தது தொழிற்சங்கத்தில். 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை பறிபோனது. சொந்தக் கட்சிக்காரர்களையும் விடவில்லை: திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை அவர்களிடமிருந்து ஜே.ஆர். ஜயவர்தன வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் 1982 டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு. பொதுத் தேர்தல் வைக்காமல் அதே பாராளுமன்றம் இன்னும் 6 வருடம் இருக்கலாமா? ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது பேர் பானைக்குப் போட்டார்கள். நாடு முழுவதிலும் விளக்கு சுமார் 54 வீதம் எடுத்தது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது.

யாழ்ப்பாணத்துக் கதை தோட்டத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1948இல் பாராளுமன்றத்தில் கையுயர்த்தித்தான் நமது குடியுரிமையைப் பறித்தார்கள். 1978 முதல் நமது தலைவர் தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். ஆனாலும் 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கம் நமது லயன்கள் தாக்கப்பட்டன. 1983இலும் அடி விழுந்தது. அமைச்சரவை நாற்காலி லயத்து வாசலில் வந்து காவல் நிற்கவில்லை.

இப்போதும் ஒரு கட்சியிடம் 225இல் 159 ஆசனங்கள் இருக்கின்றன. அதற்கு வாக்களித்ததில் தவறில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலும் 6இல் 3 அதற்கே கிடைத்தது. ஆனால் மாகாண சபைத் தேர்தலை இன்னும் காணோம். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2018இல் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது. அன்று முதல் தேர்தல் தொங்குகிறது. வடக்கு, மத்திய, ஊவா, சப்ரகமுவ எல்லாமே ஆளுநர் கையில். தோட்டப் பாடசாலைகள் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ்தான் இருக்கின்றன. கூரை ஒழுகினால், கணித ஆசிரியர் இல்லையென்றால், தட்டிக் கேட்க நாம் தெரிவு செய்த ஒரு உறுப்பினர் அங்கே இல்லை. முந்தைய அரசாங்கங்கள் போட்ட முடிச்சு என்பது உண்மை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை வைத்திருப்பவர்களுக்கு அதை அவிழ்ப்பது பெரிய வேலையா?

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி கேட்டுத் தீர்மானம் போட வேண்டும். அப்படியே, தலைவர் தெரிவை வருடக்கணக்காகத் தள்ளி வைத்திருக்கும் கமிட்டிகள் அதற்கும் ஒரு திகதியை அன்றைக்கே குறிக்கட்டும்.