ஃபியூஸ் மேல் கோபப்படாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார், வேன், ஆட்டோ வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

வண்டியில் அடிக்கடி ஃபியூஸ் போனால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். 10 ஆம்பியர் போனால் 20 போடுவது, 20-உம் போனால் 30 போடுவது. அதுவும் இல்லாவிட்டால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகுவது. வீட்டு ஃபியூஸ் கட்டையில் பழைய ஒயரிலிருந்து நாலு இழை உருவிக் கட்டுகிற அதே பழக்கம். "இனிமே போகாது" என்றதும் நிம்மதியாகக் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். அந்த நிம்மதிதான் ஆபத்து என்பது என் கருத்து.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது? பல்பை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது காப்பாற்றுவது ஒயரை. ஒயர் தாங்குகிற அளவுக்குள் உருகும்படி கணக்குப் போட்டுத்தான் ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள். ஓம் விதியை மறந்திருக்க மாட்டீர்கள். அதை 1827-இல் நூலாக வெளியிட்ட ஜார்ஜ் ஓம், ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியர். எங்கள் இனம்! மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். ஒயரின் மேலுறை தேய்ந்து உள்ளே இருக்கும் செம்பு வண்டியின் பாடியைத் தொட்டால் தடை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. 12 வோல்ட் பேட்டரிதானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த நேரத்தில் அது நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால் மின்னோட்டம் மூன்று மடங்கு வரை போக வழி விடுகிறோம். வெப்பம் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. ஃபியூஸ் உருகாது, சரி. அதற்குப் பதில் டேஷ்போர்டுக்குப் பின்னால், சீட்டுக்கு அடியில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒயர் உருகும். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

2010-இல் சில டாடா நானோ கார்கள் தீப்பிடித்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனம், ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கும் புகைபோக்கி அமைப்பிலும் மின்னமைப்பிலும் கூடுதல் பாதுகாப்பு இலவசமாகச் செய்து தருவதாக அறிவித்தது. வண்டி செய்தவர்கள் பாதுகாப்பைக் கூட்டுகிறார்கள். நாம் இருப்பதையும் பிடுங்குகிறோம்.

ஓசூரில் இருந்துகொண்டு நாம் இப்படிச் செய்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறீர்கள். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இருக்கிற ஊர். லைனில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் என்ன செய்கிறீர்கள்? கேஜை ராவி அகலமாக்கிவிட்டு "இப்ப பாஸ்" என்று அனுப்புவீர்களா? அன்றைக்கே வேலை போய்விடும். 'ரூட் காஸ்' எழுது என்று உட்கார வைப்பார்கள். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்பார்கள். கேட்டுக்கு வெளியே வந்து சொந்த வண்டியில் ஏறியதும் அந்தக் கேள்வி எங்கே போகிறது?

சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகனின் கார், பதினைந்து வயது தாண்டியது. பார்க்கிங் லைட் போட்டால் சில நாள் எரியும், சில நாள் ஃபியூஸ் போகும். ஒரு இடத்தில் 30 போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "வேண்டாம் மாப்பிள்ளை" என்று, என்னிடம் படித்து இப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒருவரிடம் அழைத்துப் போனேன்.

அவர் செய்தது அப்படியே நம் மின்சுற்றுப் பாடம். ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இணைத்தார். எவ்வளவு மோசமான ஷார்ட் ஆனாலும் இப்போது 2 ஆம்பியருக்கு மேல் போகாது. ஒயர் சுடாது, ஃபியூஸும் வீணாகாது. பல்பு மங்கலாக எரிந்தால் மின்சாரம் மற்ற விளக்குகள் வழியாக ஒழுங்காகப் போகிறது என்று பொருள். பளிச்சென்று எரிந்தால் எங்கோ பாடியைத் தொடுகிறது.

பளிச்சென்று எரிந்தது. முன்பக்கக் கனெக்டரைக் கழற்றினார், எரிந்தது. பின் விளக்குகளைக் கழற்றினார், அப்போதும் எரிந்தது. ஒவ்வொரு கிளையாகக் கழித்துக்கொண்டே வந்து, டிக்கி கதவை மெதுவாக ஏற்றி இறக்கினார். பல்பு மங்கியது, மறுபடி பளிச்சென்றது. கதவுக் கீலின் அருகே நம்பர் பிளேட் லைட்டுக்குப் போகும் ஒயர், இத்தனை வருடம் மடங்கி மடங்கி உறை வெடித்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, பழையபடி 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸே போட்டார். இரண்டு மணி நேரம் ஆனது.

கூலி 600 ரூபாய் கேட்டார். "ஒரு முழம் ஒயருக்கு அறுநூறா மாமா?" என்று என் காதில் கேட்டார் மாப்பிள்ளை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். எலக்ட்ரீஷியன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், ஃபியூஸ் போட அஞ்சு நிமிஷம், ஏன் போச்சுன்னு தேட அரை நாள். அஞ்சு நிமிஷத்துக்குக் காசு குடுக்கறாங்க, அரை நாளுக்குக் குடுக்க மாட்டேங்கறாங்க."

பொருளுக்குக் காசு, தேடலுக்குக் காசில்லை என்று நாம் முடிவு செய்துவிட்டோம். நாம் எதற்குக் கொடுக்கிறோமோ அதைத்தான் பட்டறையும் செய்யும். பெரிய ஃபியூஸ் போடுகிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரை அப்படிப் பழக்கியது நாம்தான்.

நீங்கள் தேடலுக்கு உதவலாம். எப்போது போகிறது என்று குறித்து வையுங்கள். சுவிட்ச் போடாமலே போனால் கோளாறு பெரும்பாலும் சுவிட்சுக்கு முன்னால். போட்டதும் போனால் சுவிட்சுக்குப் பின்னால். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் போகிறதா, ரிவர்ஸ் லைட் பக்கம் பாருங்கள். குழியில் இறங்கும்போது போனால் ஒயர் எங்கோ உரசுகிறது. சில நிமிடம் ஓடிய பிறகு போனால் வைப்பர் மோட்டாரோ ஃபேன் மோட்டாரோ இறுகி இருக்கலாம். பிறகு மாட்டிய ஹாரன், ஃபாக் லைட், மியூசிக் சிஸ்டம் இவற்றின் இணைப்புகளை முதலில் சந்தேகப்படுங்கள். மாந்தோப்புப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள், எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் குறிப்புகளோடு போனால் இரண்டு மணி நேர வேலை அரை மணியில் முடியலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். பிளேடு ஃபியூஸ் என்றால் 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. மேலே எண்ணும் இருக்கும். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருந்தால் யாரோ உங்களுக்குத் தெரியாமல் உங்கள் காவலாளியை அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த வண்டியில் ஊருக்குக் கிளம்பும் முன் பட்டறைக்குப் போங்கள். "என்ன ஆகும்?" என்று கேட்கும்போதே, "தேடுகிற நேரத்துக்கும் சேர்த்துச் சொல்லுங்க" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

என் மாணவர்களில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை செய்பவர்கள் கீழே உங்கள் ஊரை மட்டும் போட்டு வையுங்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை யாருக்காவது உதவும்.