உடம்பில் ஓடுவது 5 லிட்டர் ரத்தம்... வெயிலில் முதலில் பங்கை இழப்பது எந்த உறுப்பு?

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது எளாவூர். வெளியூர்க்காரர்களுக்கு அங்கிருக்கும் சோதனைச்சாவடிதான் தெரியும். உள்ளூர்க்காரர்களில் பலருக்கோ, பக்கத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்தான் பிழைப்பு. இரும்பு உருக்கும் உலைகள், கம்பி இழுக்கும் ரோலிங் மில்கள், வெளியே லோடு ஏற்றும் ஆட்கள், வரிசையில் நிற்கும் லாரிகள். அக்னி நட்சத்திரம் வெளியே ஒருபக்கம் காய்ச்சும். உலை உள்ளே இன்னொரு பக்கம் காய்ச்சும்.

இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் கோடையில் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். தலை சுற்றுகிறது. மதியச் சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது. சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போகிறது. தலை, வயிறு, இதயம், சிறுநீரகம் என நான்கும் நான்கு தனித்தனிப் பிரச்னைகள் போலத் தெரியும். ஆனால் நான்குக்கும் பின்னால் இருப்பது ஒரே கணக்கு: ரத்தப் பங்கீடு.

நீர்க்கட்டி செய்யும் வேலை

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அதே 5 லிட்டரைத்தான் வெளியே தள்ளுகிறது. அதில் மூளைக்குச் சுமார் 15 சதவிகிதம் போகிறது. குடல், கல்லீரல் பக்கம் கால் பங்கு. இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து 20 சதவிகிதத்துக்குக் குறையாது. உடல் எடையில் அரை சதவிகிதம்கூட இல்லாத உறுப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு! சிறுநீரகம் அதைத் தன் பசிக்காக மட்டும் கேட்பதில்லை, வடிகட்டுவதற்காகக் கேட்கிறது.

இந்தப் பங்கு நிரந்தரமானதல்ல. ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். ஏரியில் தண்ணீர் குறைந்தால் எந்த மடையை எவ்வளவு நேரம் திறப்பது, எந்த வயலுக்கு முறை என்று பார்த்து விடுவது அவர் வேலை. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எந்த வயலுக்கும் தண்ணீர் ஏறாது. உடம்பிலும் அப்படித்தான். எல்லா ரத்தக்குழாய்களும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துகொண்டால், 5 லிட்டர் எந்த மூலைக்கும் போதாது. ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

உடம்பின் மடைகள் நுண்தமனிகள். பெரிய தமனிகள் கிளை பிரிந்து பிரிந்து மெலிந்து, உறுப்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னக் குழாய்கள் இவை. இவற்றின் சுவரில் வளையமாகத் தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். கொஞ்சம் சுருங்கினாலே போதும், விளைவு பெரிதாக இருக்கும். குழாயின் ஆரம் பாதியானால், ரத்த ஓட்டம் பாதியாவதில்லை. 16-ல் ஒரு பங்காகிவிடும்.

மடையைத் திறக்கச் சொல்லும் உத்தரவு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று உள்ளூர் உத்தரவு. உழைக்கும் தசையில் ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயுவும் அமிலமும் சேர்ந்தால், அந்த இடத்துக் குழாய் தானாகவே விரிகிறது. குழாயின் உள்சுவரே நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொன்று தலைமைச் செயலக உத்தரவு. மூளைத்தண்டு நரம்புகள் வழியாகவும், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் வழியாகவும் 'அங்கே குறை, இங்கே கூட்டு' என்று சொல்கிறது.

இரண்டு உத்தரவுகளும் மோதினால்? உறுப்புக்கு உறுப்பு பதில் மாறும். மூளை பெரும்பாலும் தலைமைச் செயலகத்தைக் கண்டுகொள்வதே இல்லை. ரத்த அழுத்தம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் தன் குழாய்களைத் தானே சரிசெய்து, தன் பங்கைக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். நுரையீரல் இன்னும் விசித்திரம். மற்ற எல்லா உறுப்பும் ஆக்சிஜன் குறைந்தால் குழாயை விரிக்கும்; நுரையீரல் மட்டும் சுருக்கும். காற்று வராத பகுதிக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன் என்ற கணக்கு அது.

உலை பக்கத்தில் என்ன நடக்கிறது?

இப்போது ரோலிங் மில்லுக்குள் போவோம். உழைக்கிற தசை ரத்தம் கேட்கிறது. உள்ளே சேரும் சூட்டை வெளியேற்ற வேண்டும் என்பதால் தோலும் கேட்கிறது. சாதாரண நேரத்தில் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர்கூடப் போகாது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை ஏறலாம். அதாவது, ஓய்வில் இதயம் மொத்த உடம்புக்கும் அனுப்பும் ரத்தத்தைவிட அதிகம், வெறும் தோலுக்கு மட்டும்! இதற்கிடையே வியர்வையாக மணிக்கு ஒரு லிட்டர்வரை வெளியேறி, ரத்தத்தின் அளவே குறைகிறது.

இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அந்தப் படபடப்பு அதனால்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில், தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. துடிப்பு வேகமாக ஆக, அந்த இடைவெளி சுருங்கும். ஏற்கெனவே இதயக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு வெயில் வேலை ஆபத்தாவது இப்படித்தான்.

அதுவும் போதாதபோது, தலைமைச் செயலகம் வெட்டுகிற இடம் குடலும் சிறுநீரகமும். குடலுக்கு ரத்தம் குறைவதால் சாப்பாடு இறங்காது, குமட்டும். அளவு மீறினால் குடல் சுவரின் காப்பு பலவீனமாகி, உள்ளிருக்கும் கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கசியும். வெப்பவாதத்தில் பல உறுப்புகள் ஒரே நேரத்தில் செயலிழக்க இது ஒரு காரணம்.

குடல் கத்திவிடும். சிறுநீரகம் கத்தாது. கடும் உழைப்பின்போது அதன் ரத்த ஓட்டம் பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ குறையலாம். வலி இருக்காது. சிறுநீரின் அளவும் நிறமும் மட்டும்தான் சாட்சி. ஒருநாள் குறைந்தால் மறுநாள் சரியாகிவிடும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கோடையும் குறைந்தால்?

போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செய்து 2023-ல் முடிவை வெளியிட்டது. அவர்களில் ஏறக்குறைய 100-க்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. எளாவூர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம், உத்தானம் பகுதி வரும். முந்திரியும் தென்னையும் விளையும் அந்த ஊர்களில், சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் பழுதாவது பல ஆண்டுகளாக நடக்கிறது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. வெப்பமும் நீரிழப்பும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. நிகரகுவா நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் இதேபோன்ற பாதிப்பு வந்தபோது, வேலை நேரத்தில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

அந்த ஒரு மாத்திரை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் பகிர்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும்.

தன் பங்கு வெட்டப்படும்போது சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை. புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, தன் வாசல் குழாயை விரித்து வைத்துக்கொள்ளப் போராடுகிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பது இதே பொருளைத்தான். வலியையும் இதுவே உண்டாக்குகிறது என்பதால், வலி போகிறது. கூடவே சிறுநீரகத்தின் கடைசிப் பாதுகாப்பும் போகிறது. ஷிப்ட் முடிந்து, வியர்த்து வற்றிய உடம்போடு, மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு ஒண்ணு குடுங்கண்ணே' என்று சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவது மிக மோசமான நேரத்தில் போடும் மாத்திரை. பிரஷருக்கான சில மாத்திரைகளும் சிறுநீரக வாசலின் அழுத்தத்தை மாற்றுபவை. அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் வெப்பத்தில் வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், அவர் கேட்காவிட்டாலும்.

தண்ணீரை ஒரே மூச்சில் சொம்புச் சொம்பாகக் குடிப்பதைவிட, 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிப்பது உதவும். உப்புப் போட்ட மோர், நீராகாரம் நல்லது. இதைச் சொல்வது எளிது. கழிப்பறை சரியில்லாத இடத்தில் வேலை செய்யும் பெண்கள் தண்ணீரையே தவிர்க்கிறார்கள் என்பதையும் தமிழக ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அங்கே அறிவுரை சொல்ல வேண்டியது தொழிலாளிக்கு அல்ல, நிர்வாகத்துக்கு. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

பக்கத்தில் யாராவது மயங்கி விழுந்தால், தூக்கி நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். காலில் தேங்கிய ரத்தம் மூளைக்குத் திரும்பட்டும். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெறும் மயக்கம் இல்லை. 108-ஐ அழைத்துவிட்டு, ஈரத்துணியும் விசிறியுமாக உடனே உடம்பைக் குளிரவைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பல ஆண்டுகளாக உலை, லோடு, சாலை வேலை என்று வெப்பத்தில் நிற்பவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் திட்டத்தை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை எனப் பார்த்தால், வெயில் மாதங்களில் கிரியேட்டினின் எவ்வளவு ஏறுகிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.