விடையினும் வினா பெரிது

அரிஸ்ரோட்டிலின் பெயரால் வழங்கும் 'பிரச்சினைகள்' என்னும் கிரேக்க நூலை இரண்டாந்தர நூலென ஒதுக்குவோர் உளர். 38 பகுதிகளில் ஏறத்தாழ 900 வினாக்களைக் கொண்டது அந்நூல். வியர்வை, மது, குரல், இசை, கடல்நீர், காற்று என அது தொடாத பொருள் குறைவு. அதனை ஒதுக்குவோர் மூன்று காரணங் கூறுவர்: அது முழுவதும் அரிஸ்ரோட்டில் எழுதியதன்று, கூறியது கூறலுடையது, விடைகள் பல பிழையானவை. இம்மூன்றும் உண்மையே. ஆயின் இவற்றிலிருந்து அவர்கள் பெறும் முடிபு தவறானது.

கி.மு. 322இல் ஆசிரியர் மறைந்தபின்னரும் அவர்தம் மரபினர் வினாக்களைச் சேர்த்துச் சென்றனர். ஒருவரது முத்திரை இன்மையாலேயே ஒரு நூல் தாழ்ந்துவிடுமா? பல தலைமுறையினரின் கூட்டுழைப்பு என்பதே அதன் பெருமையாகும்.

வினாக்களின் அமைப்பும் நோக்கத்தக்கது. 'ஏன்?' எனத் தொடங்கும் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும், 'இதனாலா? அன்றி இதனாலா?' என்றே விடை வருகின்றது. விடையும் வினாவாகவே நிற்கின்றது. ஒரே வினா வெவ்வேறிடங்களில் வெவ்வேறு விடை பெறுவதைக் கவனக்குறைவு என்று மட்டும் கொள்ளலாகாது. அது முடிவுறாத விசாரணையின் சுவடுமாகும்.

பதினைந்தாம் பகுதியில் ஒரு வினா: பின்னிய தட்டியின் நாற்கோணத் துளைகளினூடே புகும் ஞாயிற்றொளி வட்டமாக விழுவது ஏன்? கிரகண வேளையில் இலைகளினூடே வரும் ஒளி பிறைவடிவாக விழுவது ஏன் என மற்றொரு வினா. தரப்பட்ட விளக்கங்கள் நிறைவானவையல்ல. 11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்ஹைதம் கிரகணப் பிறைவடிவை ஆராய்ந்தார். 1604இல் கெப்ளர் தமது ஒளியியல் நூலில் தெளிவான விளக்கந் தந்தார். ஞாயிற்றின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் வடிவையே நிலத்தில் வீழ்த்துகின்றது. எண்ணற்ற அவ்வடிவங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து ஞாயிற்றின் வடிவைப் பெறுகின்றன. ஈராயிரம் ஆண்டளவு அறிஞரை உழைக்கவைத்த வினாவை, உடன் கிடைத்த விடையின் குறைபாட்டைக் கொண்டு அளப்பது எவ்வகை நியாயம்?

நூலிற் குறையில்லை என்பதன்று. ஒரு நிகழ்ச்சி உண்மையில் நிகழ்கின்றதா எனச் சோதியாமலே, அது ஏன் நிகழ்கின்றது எனக் கேட்ட இடங்களும் உள. இது பாரிய குறையே. எனினும் இக்குறையை நீக்குவதும் இன்னொரு வினாவே: 'அது மெய்தானா?'

விரிவுரைக் குறிப்பை மனனஞ் செய்து விடைத்தாளில் ஒப்புவிப்பதே கல்வியென மயங்குவோருக்கு இந்நூல் உவப்பளிக்காது. அரிஸ்ரோட்டிலின் பெயரைச் சொல்லி ஐயத்தை அடக்கியோர் பிற்காலத்தில் இருந்தனர். அவர் பெயர் தாங்கிய இந்நூலோ ஐயுறுவதையே தன் முறையாகக் கொண்டது. அதனை இரண்டாந்தரம் என்போர், அறிவின் முதற்படியையே இரண்டாந்தரம் என்கின்றனர்.