அளவு குறைந்தால் விலை நிறையலாமா?

பத்துப் பரப்புக் காணிக்கு விலைபேசிய ஒருவர் உறுதியிலே "பத்துப் பரப்பு வரை" என்று எழுதித் தந்தால் அதனை எவரேனும் ஏற்பரா? நில அளவையாளர் அளந்து நான்கு பரப்பே உண்டு என்று கூறிய பின்னரும், "நான்கும் பத்துக்குள் அடங்கியதே, முழு விலையையுந் தருக" என்று விற்றவர் வாதாடினால், அதனை வியாபாரம் என்போமா, வஞ்சகம் என்போமா? காணி விடயத்தில் எவரும் பொறுக்காத இந்த அநீதியை, வீட்டு இணைய இணைப்பு விடயத்தில் நம் மக்கள் மாதந்தோறும் பணங் கொடுத்துப் பொறுத்து வருகின்றனர்.

"வினாடிக்கு 100 மெகாபிற் வரை" என்கிறது விளம்பரம். மேல் எல்லை கொட்டை எழுத்திலே நிற்கிறது. கீழ் எல்லையோ எங்குமே இல்லை. பத்துக் கிடைத்தாலும் "வரை" என்ற சொல் பொய்யாவதில்லை. ஈரெழுத்துச் சொல்லொன்று விற்பவருக்கு அரணாகவும் வாங்குபவருக்கு விலங்காகவும் அமைந்துவிட்டது.

இஃது அற்ப விடயமன்று. மாணவர் பாடங் கேட்பதும், கமக்காரர் வெங்காயத்தின் சந்தை விலையை அறிவதும், வைத்தியர் நோயாளியின் படத்தைத் தூரத்து நிபுணருக்கு அனுப்புவதும், கடல் கடந்த பிள்ளைகளுடன் பெற்றோர் முகம் பார்த்துப் பேசுவதும் இன்று இந்த இணைப்பினாலேயே நடைபெறுகின்றன. கடைக்காரரின் தராசை முத்திரையிட்டுச் சரிபார்ப்பதற்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதற்கெனத் திணைக்களமும் உண்டு. வீட்டுக்குள் வரும் இணைப்பில் அத்தகைய முத்திரை எதுவும் இல்லை. ஆகவே, அளந்து பார்க்கும் கடமை நம்முடையதாகிறது.

ஆனால், நீதி கேட்போர் நேர்மையான சாட்சியத்தோடு கேட்க வேண்டும். முதலாவதாக, அலகை அறிதல் வேண்டும். எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைற். எனவே 100 மெகாபிற் இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைற்றுக்கு மேல் இறங்காது. அதனைக் கண்டு கம்பனி ஏமாற்றியது எனக் கூறுதல் தவறாகும்.

இரண்டாவதாக, வைஃபையை நம்பி வழக்குரைத்தல் ஆகாது. சுவரும் தூரமும் அதன் வேகத்தைக் குறைப்பன. கணினியை றவுட்டருடன் கம்பியால் இணைத்து, வீட்டிலுள்ள ஏனைய தொலைபேசிகளையும் தொலைக்காட்சியையும் நிறுத்திய பின்பே அளத்தல் வேண்டும். பழைய கணினிகள் சிலவற்றின் கம்பித்துறை 100 மெகாபிற்றுக்கு மேல் ஏற்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவதாக, ஒருமுறை அளந்தது அளவாகாது. வாய்க்கால் நீரை எல்லோரும் ஒரே வேளையில் வயலுக்குத் திருப்பினால் கடைக்கோடி வயலுக்கு என்ன எஞ்சும்? அதுபோலவே, பல வீடுகள் பங்கிடும் இணைப்பு இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் மெலிகிறது. காலை, நண்பகல், இரவு எனப் பல நாள் அளந்து, திகதியும் நேரமும் இட்டுக் குறித்து, திரையின் படத்தையும் சேமித்தல் வேண்டும். இறங்கும் வேகத்தோடு ஏற்றும் வேகத்தையும் குறித்தல் நன்று. மாத ஒதுக்கீடு தீர்ந்தபின் வேகத்தைக் குறைக்க ஒப்பந்தம் இடந்தருமாயின், அந்நாட்களில் எடுத்த அளவு சாட்சியமாகாது.

நான்காவதாக, எங்கிருந்து அளக்கிறோம் என்பதை அறிதல் வேண்டும். அளவைத் தளங்கள் பெரும்பாலும் அண்மையிலுள்ள கணினியையே தெரிகின்றன. கம்பனியின் சொந்தத் தளத்தால் மட்டும் அளப்பது, விற்பவரின் படியாலேயே நெல்லை அளப்பதற்கு ஒப்பாகும். சார்பற்ற தளமொன்றிலும் அளத்தல் வேண்டும். வெளிநாட்டுக் கணினியை நோக்கி அளந்ததைத் தனியே குறித்தல் வேண்டும்; கடலடிக் கம்பி வழியே செல்லும் தூரத்துக் குறைகள் யாவும் உள்ளூர்க் கம்பனியின் குற்றமல்ல.

இவ்வாறு சேர்த்த சாட்சியத்தை என் செய்வது? முதலிற் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுக. தீர்வு கிட்டாதாயின், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுக. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை வர்த்தகர் எவருக்கும் தடைசெய்கிறது. அச்சட்டத்தின்கீழ் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்தல் வேண்டும். தாமதித்தோர் உரிமை இழப்பர். ஆங்கிலம் அறியோமே என எவருந் தயங்க வேண்டியதில்லை. அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உறுதிசெய்துள்ளது.

ஆயினும், தனிமனிதர் முறைப்பாட்டால் மட்டும் இக்குறை தீராது. விதி மாற வேண்டும். முன்னர் பிரித்தானியாவில் பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் வேகத்தையே "வரை" என்று விளம்பரஞ் செய்ய முடிந்தது. 2018 மே மாதம் முதல், நெரிசல் நேரத்தில் பாதி வாடிக்கையாளருக்கேனும் கிடைக்கும் சராசரி வேகத்தையே கூறவேண்டும் என்றாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, நிலையான இணைப்பின் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம், வழமையாகக் கிடைக்கும் வேகம், உச்ச வேகம் ஆகியவற்றைக் கூறுமாறு பணிக்கிறது. ஜேர்மனியில் 2021 டிசம்பர் முதல், ஒழுங்குபடுத்தும் நிறுவனத்தின் அளவைக் கருவியால் வெவ்வேறான 3 நாட்களில் 30 முறை அளந்து குறைவை நிறுவியவர், கட்டணத்தைக் குறைக்கவோ ஒப்பந்தத்தை முடிக்கவோ உரித்துடையவராகிறார்.

நாம் கேட்பதும் இத்தகைய நீதியே. ஒப்பந்தத்திலே குறைந்தபட்ச வேகம் எழுதப்படல் வேண்டும்; அவ்வொப்பந்தம் வாடிக்கையாளர் வாசிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும்; ஆணைக்குழு ஏற்கும் அளவை முறையொன்று வகுக்கப்படல் வேண்டும்; குறைந்த அளவுக்குக் குறைந்த கட்டணமே அறவிடப்படல் வேண்டும். இவற்றுள் எதுவும் சலுகையன்று. விலை கொடுத்தவனின் உரிமை.

ஒரு வீட்டின் குறிப்பேடு முறைப்பாடாகும். ஓர் ஊரின் குறிப்பேடுகள் வழக்காகும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் வாசிகசாலைகளும் இவ்வளவைகளை ஒன்றுதிரட்ட முன்வரட்டும். நெல்லை அளந்து வாங்கத் தெரிந்த மக்கள் நாம். இணைப்பையும் அளந்தே வாங்குவோமாக!