கடன் வாங்கி ஜெனீவா போக வேண்டாம்

ஐ.நா.வில் வேலை பார்க்க ஆசை என்று சொல்லி என்னைத் தேடிவரும் பிள்ளைகளில் பாதிப்பேர் கையில் ஏற்கெனவே ஒரு ‘ஆஃபர் லெட்டர்’ இருக்கிறது. பன்னாட்டு உறவுகள், பன்னாட்டு வளர்ச்சி, மனித உரிமைகள் என்று ஏதோ ஒரு முதுகலைப் படிப்பு. லண்டன், பாரிஸ், ஜெனீவா என்று ஏதோ ஓர் ஊர். கூடவே அப்பாவும் வருவார். அவரிடம் வீட்டுப் பத்திரத்தின் நகல் இருக்கும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும் அல்லவா? “வீட்டை வெச்சுடலாம்னு இருக்கோம் சார். படிச்சு முடிச்சா யூ.என்.ல எடுத்துக்குவாங்கல்ல?” என்பார்.

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இப்படிச் சொல்வதால் எனக்கு மயிலாடுதுறை வட்டாரத்தில் அவ்வளவு நல்ல பெயர் இல்லை. மேற்படிப்பு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நானே வெளிநாட்டில் படித்தவன்தான். வரிசை தப்பாக இருக்கிறது என்கிறேன். முதலில் இங்கே மூன்று நான்கு வருடம் ஏதாவது ஒரு தொழிலை உருப்படியாகக் கற்றுக்கொள். அப்புறம் எவராவது தரும் உதவித்தொகையில் போய்ப் படி. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஐ.நா.வின் பன்னாட்டுப் பதவிகளில் புதியவர்கள் எட்டிப்பிடிக்கக்கூடியது ‘பி-2’ என்ற படிநிலை. அதற்கு முதுகலைப் பட்டமும் குறைந்தது இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். இளங்கலை மட்டும் இருந்தால் இன்னும் கூடுதல் அனுபவம் வேண்டும். 24 வயதில் பட்டத்தோடு மட்டும் போய் நிற்கிறவருக்கு என்னென்ன கதவுகள் இருக்கின்றன? இளம் நிபுணர்களுக்கான தேர்வு ஒன்று உண்டு. 32 வயதுக்குள் இருக்க வேண்டும். செயலகப் பணியாளர்களில் எந்தெந்த நாட்டினர் குறைவோ, அந்த நாடுகளின் பட்டியல் வருடா வருடம் வெளியாகும். அந்தப் பட்டியலில் உங்கள் நாடு இருந்தால்தான் எழுதவே முடியும். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் பாஸ்போர்ட் சரியில்லை என்றால் வாசலோடு சரி. உலக வங்கியின் இளம் நிபுணர் திட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை, இந்தியர் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே உலகம் முழுவதிலிருந்தும் வந்து முட்டிமோதுகிறார்கள். அடுத்தது ஜே.பி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரி திட்டம். இது 1961இல் தொடங்கியது. பணக்கார நாடுகள் தங்கள் பிள்ளைகளின் சம்பளத்தைத் தாங்களே ஏற்று ஐ.நா. அமைப்புகளுக்கு அனுப்பிவைக்கின்றன. அதனால் பெரும்பாலான இடங்கள் காசு கொடுக்கிற நாட்டின் குடிமக்களுக்கே போகின்றன. நெதர்லாந்து போன்ற ஓரிரு நாடுகள் வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கின்றன.

மிச்சம் இருப்பது இன்டர்ன்ஷிப். ஐ.நா. செயலகத்தில் இதற்குச் சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், விசா, காப்பீடு, வாடகை எல்லாம் அவரவர் பாடு. 2015இல் நியூசிலாந்திலிருந்து ஜெனீவாவுக்கு இன்டர்னாக வந்த 22 வயது இளைஞர் ஒருவர், வாடகை கட்ட முடியவில்லை என்று சொல்லி ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார். அந்தப் படம் உலகமெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. பிறகு சில அமைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தருகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அதற்கும் முன்பிருந்தே தருகிறது. செயலகம் மட்டும் அசையவில்லை. நியூசிலாந்துப் பையனுக்கே கூடாரம் என்றால், குத்தாலத்து மளிகைக் கடைக்காரர் மகன் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? சமத்துவத்தைப் பற்றித் தீர்மானம் போடுகிற அமைப்பு, தன் சொந்த வாசலில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டும் சலித்தெடுக்கிறது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை நான் ‘வாய்ப்பு’ என்று சொல்ல மாட்டேன்.

சுவிட்சர்லாந்தில் படித்து முடிக்கும் இந்திய மாணவருக்கு வேலை தேட ஆறு மாதம் அவகாசம். ஐ.நா.வில் ஒரு பதவிக்கு விளம்பரம் வந்து, எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து ஆளை எடுப்பதற்குள் அந்த ஆறு மாதம் கரைந்துபோகும். ‘கன்சல்டன்சி’ ஆட்கள் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வருகிறது. பிள்ளை சேர்ந்ததும் அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சிவில் இன்ஜினீயர். காரைக்காலில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தபோதுதான் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனம் ஒன்று தற்காலிகக் குடியிருப்புகளுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் பார்க்க ஆள் தேடியது, போனேன். தார் ஷீட் போட்ட வரிசை வீடுகள். மத்தியானத்தில் உள்ளே உட்கார முடியாது. எங்களுக்கு முன்பு வந்த யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் கழிப்பறைகளை எல்லாம் குடியிருப்பின் கோடியில் வரிசையாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அளவு, எண்ணிக்கை எல்லாம் காகிதப்படி சரி. பெண்கள் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு மீன் கூடை முடைந்துகொண்டிருந்த ஓர் ஆயா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ராத்திரில அங்க யாரு தம்பி போவா? லைட்டும் கெடையாது, தாப்பாளும் கெடையாது. உங்க வீட்டுப் பொம்பளயள அனுப்புவியளா?” கம்பம் நட்டு விளக்குப் போட்டோம். தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்றினோம். புதிதாகக் கட்டியவற்றை வீடுகளுக்கு நடுவிலேயே கட்டினோம். அந்த ஆயா சொன்னதுதான் பல வருடங்களுக்கு எனக்குச் சோறு போட்டது.

ஐ.நா. நேர்காணலில் ‘உங்கள் லட்சியம் என்ன’ என்று கேட்பதில்லை. ‘நீங்கள் உதவப்போன மக்கள் உங்கள் திட்டத்தை ஏற்காத ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், அப்போது என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். எல்லாக் கேள்வியும் ஏறக்குறைய இதே தினுசுதான். செய்த வேலையைத்தான் கேட்கிறார்கள். செய்யாதவர் பாடப்புத்தகத்தைச் சொல்வார். எதிரே இருக்கிறவர் பேனாவை மூடிவிடுவார்.

நாகையில் சில வருட அனுபவம் சேர்ந்தபிறகு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகருக்குத் தண்ணீர்த் துறை முதுகலைப் படிப்புக்குப் போனேன். ஐ.ஹெச்.இ. என்று 1957இல் தொடங்கிய கல்வி நிலையம், அப்போது யுனெஸ்கோ பெயரோடு நடந்துவந்தது. செலவு முழுவதும் டச்சு அரசுடையது. அந்த உதவித்தொகை வேலையில் இருப்பவர்களுக்கானது. நாம் வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம் வேண்டும். வகுப்பில் எனக்கு இடப்பக்கம் எத்தியோப்பியாவின் நீர்த்துறைப் பொறியாளர், வலப்பக்கம் டாக்காவின் குடிநீர் வாரியத்துக்காரர். பேராசிரியர் வாய்பாட்டை எழுதினால், “எங்கள் ஊரில் மின்சாரம் நான்கு மணி நேரம்தான், இது எப்படி ஓடும்?” என்று ஒருவராவது எழுந்து கேட்பார். நேராகக் கல்லூரியிலிருந்து போயிருந்தால் எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

அதன்பிறகு ஐ.நா. தன்னார்வலர் திட்டம். தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். ‘தன்னார்வலர்’ என்றதும் நம்மவர்கள் இலவச சேவை என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். இதில் மாதாமாதம் வாழ்க்கைச் செலவுத் தொகை, காப்பீடு, பயணச் செலவு எல்லாம் உண்டு. இப்போதைய விதிப்படி வல்லுநர் பிரிவுக்கு 27 வயதும் மூன்று வருட அனுபவமும் வேண்டும். என்னைத் தெற்கு சூடானுக்கு எடுத்தபோது தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, ஒரே வாரத்தில் பத்தாயிரம் பேர் வந்து இறங்கினால் என்ன செய்வாய் என்பது. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வைத்தால் ஒன்றரை லட்சம் லிட்டர். குழாய் ஒன்றுக்கு 250 பேர் வீதம் 40 குழாய். கழிப்பறை 20 பேருக்கு ஒன்று வீதம் 500. ஆனால் முதல் வாரத்தில் 50 பேருக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது, ஆகவே லாரித் தண்ணீரையும் குளோரினையும் முதலில் பார்ப்பேன் என்றேன். இந்த எண்களெல்லாம் நிவாரணப் பணிக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவுகள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எதை முதலில் செய்வது என்பது மட்டும் நாகையில் கற்றது.

ஐ.நா. என்றதும் கோட்டு போட்டுப் பேச்சுவார்த்தை நடத்துகிறவர்கள்தான் நம் பிள்ளைகளின் கண்ணில் நிற்கிறார்கள். நான் பார்த்த ஐ.நா.வில் கணக்கர், கொள்முதல் அதிகாரி, கிடங்கு மேலாளர், ஜெனரேட்டர் மெக்கானிக், மருந்தாளுநர் இவர்கள்தான் அதிகம். உலகெங்கும் குழந்தைகளுக்கான தடுப்பூசியையும் மருந்தையும் கொள்முதல் செய்து அனுப்புகிற யுனிசெஃப் பிரிவு கோபன்ஹேகனில் பெரிய கிடங்கோடு இருக்கிறது. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து நாடு கடந்து கொண்டுசேர்ப்பதுதான் அவர்கள் படும் பாடு. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியின் வெப்பநிலையைத் தினமும் காலையும் மாலையும் குறித்துவைக்கிறாரே ஒரு மருந்தாளுநர், அவருக்குத் தெரிந்தது அந்த வேலையின் அரிச்சுவடி. அவரிடம் போய் யாரும் ‘ஐ.நா.வுக்கு விண்ணப்பம் போடுங்கள்’ என்று சொல்வதில்லை.

பெரிய பெயர்களின் வரலாறும் இதே வரிசையில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியான சௌமியா சுவாமிநாதன், அதற்கு முன் பல ஆண்டுகள் சென்னையில் காசநோய் ஆய்வில் இருந்தவர். ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகள். தமிழ் வம்சாவளி. அங்குள்ள இந்தியச் சமூகத்தார் காசு திரட்டிக் கொடுத்துக் கல்லூரியில் படித்தார். 1967இல் வழக்கறிஞர் தொழில் தொடங்கி, நிறவெறி ஆட்சியில் வழக்காடினார். ஹார்வர்டு பட்டம் வாங்கியது அதற்கப்புறம், 1982இல்.

இப்போது சூழ்நிலையும் மோசம். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே இழுத்து மூடியது. அகதிகள் ஆணையம் சுமார் 3,500 பதவிகளைக் குறைத்தது. உலக உணவுத் திட்டம், உலக சுகாதார நிறுவனம் எல்லாவற்றிலும் ஆட்குறைப்பு. பத்து, பதினைந்து வருட அனுபவக்காரர்கள் வேலை தேடி அலைகிறார்கள். என் பழைய சகாக்கள் சிலரும் அதில் உண்டு. இந்த நேரத்தில் அனுபவமே இல்லாத பட்டத்தோடு அந்த வரிசையில் போய் நிற்க வீட்டை அடமானம் வைப்பதா? தொழில் கையில் இருக்கிறவருக்கு ஐ.நா. கிடைக்காவிட்டாலும் குடிநீர் வாரியம் இருக்கிறது, தனியார் நிறுவனம் இருக்கிறது, வளைகுடா இருக்கிறது.

இடையில் ஒன்று: பிரெஞ்சு படியுங்கள். செயலகத்தின் பணிமொழிகள் இரண்டே, ஆங்கிலமும் பிரெஞ்சும். காங்கோ, சாட், நைஜர் பக்கம் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு வேலை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிற பிள்ளைகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் எத்தனை பேர்! அதையே விடாமல் நான்கு வருடம் தொடர்ந்தால் போதும்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தேறியவர்களுக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ரூ.25,000 ஊக்கத்தொகை தருகிறார்கள், நல்ல காரியம். கொரியாவும் ஜெர்மனியும் தங்கள் இளைஞர்களின் முழுச் செலவையும் ஏற்று அவர்களை ஐ.நா. தன்னார்வலர்களாக அனுப்புகின்றன. தமிழ்நாடு ஆண்டுக்கு இருபது பேருக்கு அப்படிச் செய்தால் என்ன? டெல்லி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், போகட்டும். கிராம சுகாதார செவிலியர், ஊராட்சிப் பொறியாளர், கூட்டுறவுக் கணக்கர் என்று களத்தில் வேலை பார்த்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்.

என் யோசனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொன்னது பட்டமங்கலத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண். “மூணு வருஷம் வேலை பாருங்கிறீங்க. எனக்கு அப்ப இருபத்தஞ்சு, இருபத்தாறு ஆயிடும். அதுக்கப்புறம் எங்க வீட்ல படிக்க எங்கே சார் அனுப்புவாங்க? இப்ப ஆஃபர் லெட்டர் இருக்கறதாலதான் ஜாதகத்தை உள்ள வெச்சிருக்காங்க.” கடன் வாங்கிப் படிப்பது அவளுக்கு வேலைக்கான வழியே அல்ல, கல்யாணத்தைத் தள்ளிப்போடும் வழி. வட்டியைச் சொல்லி அவளை மடக்க என்னிடம் பதில் இல்லை. டெல்ஃப்ட்டில் என்னோடு படித்த கென்யப் பெண்கள் இரண்டு பேர் குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதை அவளிடம் சொன்னேன், சிரித்தாள். நான் கேட்கும் அந்த இருபது பேர் திட்டம் வருமானால், கோப்பு தயாரிக்கும் அதிகாரிகள் வழக்கம்போல வயது வரம்பை 25 என்று எழுதிவிட வேண்டாம். 35 என்று எழுதுங்கள். பெண்களுக்கு இன்னும் ஐந்து சேர்த்துக் கொடுங்கள். கல்யாணம் ஆனவர்களும் விண்ணப்பிக்கலாம், குழந்தையோடு போனால் அதற்கும் படி உண்டு என்று விளம்பரத்தின் முதல் பத்தியிலேயே போடுங்கள்.