"சொந்த ஈரல்தானே" என்று சொல்வதை நிறுத்துங்கள்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை நலம் விசாரிக்கச் செல்லும் நம்மவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "பெற்ற பிள்ளையின் ஈரல்தானே, ஒன்றும் செய்யாது." நோயாளிக்கு ஆறுதல் கூறுவது சுன்னத்து. அறியாததை அறிந்ததுபோல் கூறுவது அன்று.

பிறர் உறுப்பை நம் உடல் நிராகரிக்கக்கூடும் என்பதை யாவரும் அறிவர். அதற்கு நேர்மாறானதும் நிகழ்கிறது. கல்லீரலோடு கொடையாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களும் கோடிக்கணக்கில் உடன் வருகின்றன. பெரும்பாலோரிடம் அவை சில வாரங்களில் மறைந்துவிடும். 100 பேரில் 1 அல்லது 2 பேரிடம் அவை பெருகி, புகுந்த உடலையே தாக்குகின்றன. பெரும்பாலும் 2 முதல் 8 வாரங்களுக்குள் காய்ச்சல், தோலில் செந்தடிப்பு, வயிற்றுப்போக்கு, இரத்த அணுக்களின் வீழ்ச்சி ஆகியன தோன்றும். கல்லீரல் மட்டும் தாக்கப்படுவதில்லை; அது அவ்வணுக்களின் சொந்த வீடாயிற்றே! ஆகவே ஈரல் பரிசோதனை சீராக இருப்பதைக் கண்டு குடும்பத்தார் நிம்மதி அடைந்துவிடுகின்றனர். இந்நோய் கண்டவர்களில் பெரும்பான்மையோர் பிழைப்பதில்லை.

இதைக் கண்டறியச் சோதனை உண்டு. நோயாளியின் இரத்தத்தில் கொடையாளியின் அணுக்கள் எவ்வளவு உள்ளன என்பதை மரபணு அடையாளத்தைக் கொண்டு அளந்துவிடலாம். சிறிதளவு இருப்பது மட்டுமே நோயாகாது. நோய்க்குறிகளோடு சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

"சொந்தம்" என்ற பேச்சுக்கு வருவோம். திசு அடையாளங்களில் ஒரு தொகுதி தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகின்றன. பெற்றோர் நெருங்கிய உறவினராயின், பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே அமையக்கூடும். அத்தகைய மகன் ஈரல் கொடுத்தால், அவனுடைய அணுக்களில் அந்நியமான எதையும் தந்தையின் உடல் காண்பதில்லை, விட்டுவிடுகிறது. அவ்வணுக்களோ தந்தையிடமுள்ள மற்றத் தொகுதியை அந்நியமாகக் காண்கின்றன. மாமன் மகள், மாமி மகள் என்று மணமுடிப்பது நம் ஊர்களில் வழக்கம். மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை. ஆனால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இந்த உறவைச் சொல்லி, திசுப் பொருத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டாமா?

கேட்டால் ஈரல் கொடுத்த பிள்ளையைச் சந்தேகிப்பதாகும் என்கிறார்கள். அணுவுக்கு ஏது நிய்யத்? பிள்ளையின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. தவக்குல் குறைவு என்பவர்களுக்கு உமர் (ரழி) அவர்களை நினைவூட்டுகிறேன். ஷாமில் கொள்ளைநோய் என்றறிந்து அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரழி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள்.

செந்தடிப்பைக் கண் திருஷ்டி என்று சொல்லி எண்ணெய் ஓதிக் கொடுத்து அனுப்பும் ஆலிம்களிடம் எனக்குக் கோபம் உண்டு. என்னிடமும் எண்ணெய்ப் புட்டியோடு வருகிறார்கள். ஓதித்தான் கொடுக்கிறேன். அதற்கு முன், அறுவை செய்த மருத்துவரை அழைத்துப் பேசும்படி என் எதிரிலேயே செய்விக்கிறேன்.