வெயிலில் நிற்பவர் கையில் எந்தக் கருவி?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சையது ஆல்வி சாலையில் உள்ள முஸ்தஃபா சென்டர் கடைக்குள் போனால், கைக்கடிகாரங்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிகளின் முன் தமிழ்நாட்டு ஊழியர்கள் நின்று விசாரிப்பதைக் காணலாம். இதயத்துடிப்பு காட்டுமா, சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், தண்ணீரில் நனையலாமா? கேள்விகள் கறாரானவை. வாங்குவது பல நேரம் ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ.

மணிக்கட்டுக் கருவி சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 2014 நவம்பரில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ‘அறிவார்ந்த தேசம்’ திட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே சுகாதார மேம்பாட்டு வாரியம் காலடி எண்ணும் பட்டைகளை இலவசமாகக் கொடுத்து, நடப்பவர்களுக்குப் பரிசும் தந்தது. 2019இல் அது ஃபிட்பிட் நிறுவனத்துடன் சேர்ந்தது. 2020இல் ஆப்பிள் வாட்ச் கட்டுபவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 380 வெள்ளி வரை வெகுமதி தரும் லூமிஹெல்த் வந்தது. நல்ல திட்டங்கள்தாம். ஆனால் அவை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நடக்கவைக்கப் பிறந்தவை. நாள் முழுக்கச் சாரத்தில் ஏறி இறங்குபவரிடம் ‘பத்தாயிரம் காலடி, சபாஷ்!’ என்றால் அவர் சிரிப்பார். இந்த வெயிலை இன்னும் எவ்வளவு நேரம் தாங்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு உதவும்.

2023 மே 13 அன்று அங் மோ கியோவில் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டது. 1983இல் பதிவான உச்சமும் அதுவே. 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு விதிகளை இறுக்கியது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் அளவை வேலையிடங்கள் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அது 32 டிகிரியை எட்டினால், கடின வேலை செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33ஐ எட்டினால் 15 நிமிடம். ஒப்பந்தத் தொகை 50 லட்சம் வெள்ளியோ அதற்கு மேலோ உள்ள கட்டுமானத் தளங்களில் அளவுமானியே வைத்தாக வேண்டும்.

வரவேற்க வேண்டிய விதி. ஆனால் அளவுமானி அளப்பது தளத்தின் வெப்பத்தை. மயங்கி விழுவது மனிதர். நேற்று ஊரிலிருந்து வந்திறங்கியவரும் பத்தாண்டு அனுபவசாலியும் ஒரே வெயிலில் ஒரே மாதிரி சூடேறுவதில்லை. காய்ச்சலில் எழுந்து வந்தவர், இரவு தூங்காதவர் கதை இன்னும் வேறு. புதியவரைக் குறைந்தது 7 நாள் படிப்படியாகப் பழக்கச் சொல்லி அமைச்சே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில் ஜேசன் லீ வழிநடத்தும் ‘ஹீட்சேஃப்’ ஆய்வு, வெப்பத்தால் குறையும் உழைப்பு 2035இல் நாட்டுக்கு 222 கோடி வெள்ளி இழப்பைத் தரலாம் என மதிப்பிட்டது. 2018ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு. நாட்டின் கணக்குப் பார்த்தாலும், ஊழியரின் உடம்பை அளக்கும் கருவிக்குச் செலவிடுவது வீணாகாது.

கருவியை நம்பலாமா? மணிக்கட்டுக் கடிகாரம் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணிக்கிறது. கை அசைந்தால் கணக்குப் பிசகும். கருமையான தோலின் மெலனினும் அந்த ஒளியை உறிஞ்சும். விரல்நுனியில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி, கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான குறைவைக் கவனிக்கத் தவறுவது வெள்ளையரிடம் தவறுவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, குளிர்சாதன அறையில் மாணவர்கள் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, தஞ்சாவூர்க்காரர் கையிலும் சரியாக இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. சோதனை அவர் கையில், அவர் நிற்கும் வெயிலில் நடக்கட்டும்.

தரவு யாருக்கு என்பதுதான் சிக்கலான இடம். கொரோனா காலத்தில் வந்த டிரேஸ்டுகெதர் செயலி தொடர்புத் தடமறிய மட்டுமே என்று சொல்லப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்டு வாங்கலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. தாம் முன்பு பேசியபோது அந்தச் சட்டத்தை நினைக்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் வந்த புதிய சட்டம், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என வரம்பு கட்டியது. விடுதிகளில் தங்கிய வெளிநாட்டு ஊழியர்களுக்கு அதே காலத்தில், தொடர்புத் தடமறியவே ‘புளூபாஸ்’ என்ற தனிக் கருவி வந்தது. இனி வரும் வெப்பக் கருவி, சீக்கிரம் களைப்பவர் யார் என்று முதலாளிக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தால், ‘வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா’ என்ற பயத்தில் அதைக் கழற்றிப் பைக்குள் போடத்தான் தோன்றும்.

பொதுப் பயனீட்டுக் கழகம் ஆதரித்த ‘ஸ்மார்ட் ஷவர்’ இதைவிட நாகரிகமான வழியைக் காட்டியது. குளிக்கும்போதே எத்தனை லிட்டர் போயிற்று என்று குளிப்பவருக்குக் காட்டும் சிறு கருவி அது. தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 500க்கு மேற்பட்ட வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் மிச்சமாகும் என்கிறது கழகம். மேலாளர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மனிதவள அமைச்சு வெப்ப விதிகளை அடுத்துத் திருத்தும்போது மூன்றைச் சேர்க்கட்டும்: உடல் அளவுகள் முதலில் ஊழியருக்கே, தமிழிலும் வங்காளத்திலும்; மேற்பார்வையாளருக்குப் போவது ‘இவருக்கு இப்போது ஓய்வு’ என்ற ஒற்றைச் செய்தி மட்டும்; அந்தத் தரவைச் சம்பளத்துக்கோ அனுமதிப் புதுப்பிப்புக்கோ பயன்படுத்தினால் தண்டனை.